ஆயிரம் அடிக்குப் பதினோரு மில்லிபார்: லியர்ஜெட் ஓய்ந்த கதை

நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்வதுபோல, சொந்த ஜெட் விமானம் என்றாலே ஒரு காலத்தில் லியர்ஜெட்தான். அந்தப் பெயரில் கடைசி விமானம், ஒரு லியர்ஜெட் 75, அமெரிக்காவின் விச்சிட்டா ஆலையிலிருந்து 2022 மார்ச் 28 அன்று கைமாறியது. மொத்தம் 3,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். "நன்றாகத்தானே பறந்தது, ஏன் நிறுத்தினார்கள்?" என்று கேட்டால், தயாரித்த பாம்பார்டியரிடம் பணம் இல்லை என்பதே வழக்கமான பதில். அது பாதி உண்மை. மீதியைப் புரிந்துகொள்ள எடைக்கணக்கும் சட்டப் புத்தகமும் வேண்டும், கொஞ்சம் காற்றழுத்தமும் வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குவோம். சுவிட்சர்லாந்து கைவிட்ட பி-16 என்ற போர்விமானத்தின் இறக்கையை அடிப்படையாக வைத்து பில் லியர் உருவாக்கியதுதான் லியர்ஜெட் 23. முதல் பறப்பு 1963 அக்டோபர் 7. அதன் உச்ச எடை 12,500 பவுண்டு, அதாவது 5,670 கிலோ. இது தற்செயலான எண் அல்ல. அந்த எடைக்குள் நின்றால் சிறுவிமானங்களுக்கான எளிய விதிப்புத்தகம் போதும். தாண்டினால் பயணிகள் விமானத்துக்கான கடுமையான புத்தகம். லியர் கோட்டின் மீதே வண்டியை நிறுத்தினார். 1964 ஜூனில் சோதனைப் பறப்பின்போது, ஏற்றுவிசையைக் குலைக்கும் ஸ்பாய்லர் பலகைகளை மடக்காமலே கிளப்பியதில் முதல் மாதிரி விமானம் விழுந்து எரிந்தது. விமானிகள் பிழைத்தார்கள். காப்பீட்டுப் பணமும் வந்து உற்பத்திக்குக் கைகொடுத்தது. ஜூலை 31 அன்று சான்றிதழ் கிடைத்துவிட்டது.

இன்ஜின் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சிஜே610, ராணுவ இன்ஜின் ஒன்றின் உடன்பிறப்பு. சுத்தமான டர்போஜெட். உள்ளே வரும் காற்று முழுவதும் எரிப்பறை வழியாகவே போகும். வேகம் கிடைக்கும், எரிபொருள் தண்ணீராய்ச் செலவாகும். அதனால்தான் அந்த விமானம் 41,000 அடிக்கு அவ்வளவு அவசரமாக ஏறும். காற்று மெலிந்த இடத்தில்தான் அந்தத் தாகம் கட்டுக்குள் இருக்கும்.

பழைய லியர்ஜெட்டுகளை வானிலிருந்து இறக்கிய சங்கதி இங்கேதான் வருகிறது. மேம்போக்காகப் பார்த்தால் வெறும் நிர்வாக உத்தரவு. உள்ளே அழகான இயற்பியல்.

2005 ஜனவரி 20 வரை அமெரிக்க வானில் 29,000 அடிக்கு மேல் பறக்கும் விமானங்களுக்கு இடையே 2,000 அடி உயர இடைவெளி இருந்தது. அன்று முதல் 29,000 முதல் 41,000 அடி வரை அது 1,000 அடியாகக் குறைந்தது. ஆர்விஎஸ்எம் என்று சொல்வார்கள். பாதைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் ஒவ்வொரு விமானத்தின் உயரமானியும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

உயரமானி உயரத்தை அளப்பதில்லை, அழுத்தத்தை அளக்கிறது. விமானத்தின் உடலோரத்தில் ஸ்டாட்டிக் போர்ட் எனப்படும் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே வரும் வெளியழுத்தம் ஒரு உலோகச் சிமிழை விரித்துச் சுருக்கும். அந்த அசைவுதான் முள். கடல்மட்டத்தில் ஆயிரம் அடி ஏறினால் அழுத்தம் 36 மில்லிபார் குறையும். 35,000 அடியிலிருந்து இன்னொரு ஆயிரம் அடி ஏறினால் குறைவது வெறும் 11. அதே ஆயிரம் அடிக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சைகை.

இதற்கு நடுவே அந்தத் துளையை உரசிக்கொண்டு மணிக்கு 800 கிலோமீட்டரில் காற்று ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் இயக்க அழுத்தம் அங்கே சுமார் 94 மில்லிபார். துளையைச் சுற்றியுள்ள தகடு லேசாகப் புடைத்திருந்தால் காற்று அதன்மேல் வேகம் பிடிக்கும், அழுத்தம் இறங்கும், உயரமானி கூடுதல் உயரம் காட்டும். அந்த 94இல் ஒரே ஒரு சதவீதம் துளைக்குள் பிழையாக நுழைந்தால் போதும், 85 அடி பொய். ஒரு விமான வகைக்கு விதி அனுமதிக்கும் சராசரிப் பிழையோ 80 அடி! அதனால் துளையைச் சுற்றி ஒரு கட்டம் குறித்து, அதற்குள் தகட்டின் மேடுபள்ளத்தை நேர்விளிம்புச் சட்டமும், இடுக்கு அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்து அளக்கிறார்கள். துளை விளிம்பில் ஒரு பிசிறு, பெயின்ட் கடையில் தடிமனாக அடித்த ஒரு கோட்டிங், ஏணி இடித்த ஒரு நெளிவு, எல்லாமே அங்கே அடிக்கணக்கில் உயரப் பிழையாகும்.

இது தவிர, தனித்தனியே இயங்கும் இரண்டு உயரமானி அமைப்புகள் வேண்டும். உயரத்தை 65 அடிக்குள் பிடித்து நிறுத்தும் ஆட்டோபைலட்டும் வேண்டும். 24, 25 போன்ற பழைய வகைகளில் இதையெல்லாம் பொருத்தும் செலவு விமானத்தின் விலையோடு போட்டி போட்டது. பொருத்தாவிட்டால் 28,000 அடியோடு சரி. 41,000 அடியைவிட அங்கே காற்று 1.7 மடங்கு அடர்த்தி, சிஜே610 குடித்துத் தீர்த்துவிடும். இந்த அடுக்கை ஊடுருவி ஏறிச்சென்று அதற்கு மேலே 43,000 அடியில் பறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அன்றைக்கு ஓய்வாக இருப்பதைப் பொறுத்தது. எரிபொருளை அந்த நம்பிக்கையில் நிரப்ப முடியாது. 2015 டிசம்பர் 31க்குப் பிறகு இரைச்சல் விதியும் சேர்ந்து மிச்சமிருந்தவற்றை மூலையில் தள்ளியது.

1974இல் சான்று பெற்ற 35ஆம் வகை டிஎஃப்இ731 டர்போஃபேனுக்கு மாறியதால் பிழைத்தது. காற்றின் பெரும்பகுதி எரிப்பறையைச் சுற்றிப் போகும் இன்ஜின், சிக்கனம். 35, 36 இரண்டும் சேர்ந்து 700க்கு மேல் விற்றன.

சிக்கல், லியர்ஜெட் கோட்டைத் தாண்டி வளர்ந்ததில் இருக்கிறது. லியர்ஜெட் 75இன் உச்ச எடை 9,752 கிலோ. பார்ட் 25 என்ற கனமான புத்தகத்தின்படி சான்று பெற்றது, இரண்டு விமானிகள் கட்டாயம். இதற்குள் சிறுவிமானங்களுக்கான பார்ட் 23இன் கோடு 8,618 கிலோவுக்கு நகர்ந்திருந்தது. பிரேசிலின் எம்பிரேயர் நிறுவனம் செய்த ஃபீனம் 300 சுமார் 8,150 கிலோவில் அதற்குள் அடங்கியது, ஒரே விமானி ஓட்டலாம். பில் லியர் 1964இல் ஆடிய அதே ஆட்டத்தை பிரேசில்காரர்கள் ஆடினார்கள்.

பார்ட் 25 வீண் சுமை என்று சொல்ல மாட்டேன். அதன்படி முன்கண்ணாடி, முழு பயண வேகத்தில் 4 பவுண்டுப் பறவை மோதினாலும் தாங்க வேண்டும். பார்ட் 23இல் கம்யூட்டர் எனப்படும் கனமான பிரிவுக்கான பழைய விதி கேட்டது 2 பவுண்டுப் பறவை, அதுவும் இறங்கும் வேகத்தில். எடையும் பாதி வேகமும் பாதி என்று வைத்தால் மோதும் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. அந்த வித்தியாசம் கண்ணாடித் தடிமனாகவும் சட்டமாகவும் விமானத்தின் எடையில் ஏறுகிறது.

ஆனால் வாங்குபவருக்கு என்ன கிடைத்தது? 75இன் வேக வரம்பு மாக் 0.81, அதாவது ஒலிவேகத்தில் 81 சதவீதம்; முதல் ஃபீனம் 300க்கு 0.78. இரண்டும் வரம்பிலேயே பறந்தாலும் 1,500 கிலோமீட்டருக்கு லியர்ஜெட் 4 நிமிடம் முன்னதாகப் போகும். நான்கு நிமிடத்துக்கு இன்னொரு விமானியின் சம்பளம். 2019இல் முன்னிருக்கை இரண்டை எடுத்து, தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிரும் தரும் ஏபியூவை விருப்பத்தேர்வாக்கி, 'லிபர்ட்டி' என்ற பெயரில் 99 லட்சம் டாலருக்கு விலையை இறக்கினார்கள். சாப்பாட்டில் பொரியலைக் குறைத்து விலையைக் குறைத்த மாதிரி. விமானம் எடைக்கோட்டுக்குள் வரவில்லையே.

பணம் எங்கே போனது என்றால், ஒரு பெரிய பங்கு கார்பன் இழை உடல் கொண்ட லியர்ஜெட் 85க்கு. 2007இல் அறிவித்து, 2014 ஏப்ரலில் ஒரு மாதிரி பறந்து, 2015 அக்டோபரில் ரத்தானது. அந்தப் பணத்தில் 8,600 கிலோவுக்குள் புதிதாக ஒன்றை வரைந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. 2021 பிப்ரவரி 11 அன்று, 1,600 பேர் வேலைநீக்கத்தோடு சேர்த்து, உற்பத்தி நிறுத்தமும் அறிவிக்கப்பட்டது.

இன்றும் பழைய 35, 45 வாங்குவோர் உண்டு. அவர்கள் முதலில் பார்ப்பது இன்ஜின் ஏட்டை: எம்பிஐ என்ற பெரிய ஆய்வும், உள்ளகத்தையே பிரிக்கும் சிஇசட்ஐ ஆய்வும் எப்போது வரும், மணிக்கணக்கில் பணம் கட்டும் எம்எஸ்பி திட்டத்தில் இன்ஜின் இருக்கிறதா என்று. இரண்டு இன்ஜினுக்கும் சிஇசட்ஐ ஒன்றாக வரும் நிலையில் திட்டமும் இல்லையென்றால், பேரம் அங்கேயே முறியும். அப்படிப்பட்ட விமானங்கள் உதிரிபாகங்களாகக் கழற்றப்படுகின்றன.