சொல் விளக்கம்: இரட்டை உரசிணைப்பி

திருகோணமலையில் பாவித்த கார் ஒன்றை விலை பேசுபவர் எவரும் முதலில் கேட்பது, "மெனுவலா, ஓட்டோவா?" என்பதைத்தான். ஹொண்டா வெசெல் ஹைபிரிட்டைப் பற்றியும், அதே காலத்து ஃபிட் ஹைபிரிட்டைப் பற்றியும் கேட்டால் "ஓட்டோ" என்றே விடை வரும். அவற்றில் உள்ளதோ 7 கியர் கொண்ட இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி, அதாவது இரட்டை உரசிணைப்பி. இடது காலுக்கு வேலை இல்லை என்பதனால் அது ஓட்டோவாகத் தோன்றுகிறதே தவிர, உள்ளே திறந்து பார்த்தால் அது மெனுவல் பெட்டியின் நெருங்கிய உறவு. விரைவோட்டக் கார் வாங்க எண்ணுபவர் மெனுவலையும் இதனையும் ஒப்பிடுமுன் இப்பெயரின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

'கிளச்' என்பது, விரல்களை மடக்கி இறுகப் பற்றுவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்து, பின்னர் ஒரு சுழல்தண்டை இன்னொன்றோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்புக்குப் பெயரானது. ஜேர்மானியர் அதனைக் 'குப்லுங்' என்பர். அது இணைப்பைக் குறிக்கும் 'கோப்புலா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழில் வழங்கும் கலைச்சொல்லான 'உரசிணைப்பி' இவ்விரண்டையும்விடத் துல்லியமானது என்பது என் கருத்து. ஏற்றத்தில் நிறுத்திய காரை எடுக்கும்போது மிதியை மெல்ல விட, கிளச் தட்டு எஞ்சினோடு சுழலும் கனத்த சில்லின் முகத்தில் முதலில் வழுக்கி உரசி, இரண்டின் வேகமும் ஒத்த பின்னரே அதனோடு ஒன்றாகச் சுழல்கிறது. உரசலும் இணைப்பும் நிகழும் அதே வரிசை சொல்லிலும் இருக்கிறது. "அரைக் கிளச்சில பிடிக்காதீங்க, தட்டு எரிஞ்சிரும்" என்று கராஜில் எச்சரிப்பது, உரசல் முடியாமலும் இணைப்பு நிகழாமலும் நிற்கும் அந்த நடுநிலையைத்தான்.

'கியர்' என்பது கருவி, தளவாடம் என்னும் பொருளில் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பற்கள் வெட்டிய தனிச் சில்லு பற்சில்லு; அவ்வாறான இரண்டு பல்லோடு பல் கோத்து நிற்பது பல்லிணை. மூன்றாம் கியர் என்பது ஒரு சில்லன்று, ஒரு சோடி. ஆகவே அதற்குப் பல்லிணை என்பதே பொருத்தம்.

இனி இரட்டைக்கு வருவோம். ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய பல்லிணைகளை ஒரு தண்டிலும் இரண்டு, நான்கு, ஆறு ஆகியவற்றை இன்னொரு தண்டிலும் அமைத்து, ஒரு தண்டு மற்றதன் உள்ளே சுழலுமாறு செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரசிணைப்பி கொடுத்தால் கிடைப்பதே இப்பெட்டி. கார் மூன்றாம் பல்லிணையில் ஓடும்போதே நான்காவது தயாராகக் கோக்கப்பட்டிருக்கும். மாற்றும் கணத்தில் ஒரு பிடி தளர, மறு பிடி இறுகுகிறது. எஞ்சினின் இழுவை அறுவதில்லை. ஆனால், ஓட்டுநர் வேகம் கூட்டுவார் என்று கணினி மேல் பல்லிணையைக் கோத்து வைத்திருக்க, அவர் திடீரெனக் கீழிறக்கக் கேட்டால் ஒரு சிறு தயக்கம் தெரியும்.

1939 இல் பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் அடோல்ஃப் கெக்ரெஸ் முன்வைத்த இந்த எண்ணம், 1980களில் போர்ஷின் 956, 962 பந்தயக் கார்களில் ஓடி, 2003 இல் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாகச் சாதாரண வீதிக்கு வந்தது. வொக்ஸ்வாகன் இட்ட பெயரான டி.எஸ்.ஜி. 'நேர்மாற்றுப் பெட்டி' என்று பொருள்பட, கிளச்சைச் சொல்லாமலே விட்டுவிட்டது, போர்ஷின் பி.டி.கே. என்பது 'போர்ஷ் இரட்டை இணைப்புப் பெட்டி' என்பதன் சுருக்கம்.

தமிழில் 'இரட்டை உரசிணைப்பிப் பல்லிணைப்பெட்டி' என்று முழுமையாகவும், இடம் நோக்கி 'இரட்டை உரசிணைப்பி' என்று சுருக்கியும் எழுதலாம். 'ஈருரசிணைப்பி' இலக்கணப்படி சரியே, வாய்தான் ஒத்துழைக்காது. பழைய லொறிச் சாரதிகள் கியர் மாற்றும்போது கிளச்சை இருமுறை மிதிப்பதை 'டபுள் கிளச்' என்பார்கள். அது ஓட்டும் முறை, உறுப்பன்று. அதனை 'இருமுறை மிதித்தல்' என்றால் குழப்பம் நீங்கும். மெனுவலுக்குக் 'கைமுறை' வழக்கூன்றிவிட்டது. பாதி வேலை இடது காலுடையது என்றாலும் அதனை மாற்ற வேண்டியதில்லை.

எதனைத் தேர்வது? போர்ஷ் 911 ஜிடி3 காரின் 992 தலைமுறை, பி.டி.கே.யோடு 3.4 விநாடியிலும் 6 பல்லிணைக் கைமுறைப் பெட்டியோடு 3.9 விநாடியிலும் 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறது. அரை விநாடி பின்தங்கியும் கைமுறையைக் கேட்டு வாங்குவோர் இருக்கிறார்கள். 2013 இல் பி.டி.கே.யோடு மட்டுமே வந்த ஜிடி3, 2017 இல் கைமுறையையும் மீண்டும் தந்தது. ஹபரணை வீதியிலோ நிலாவெளி வீதியிலோ அந்த அரை விநாடிக்குப் பயனில்லை. எப்போது பற்றுவது, எப்போது விடுவது என்பதைத் தம் காலால் தீர்மானிக்க விரும்புபவருக்குக் கைமுறையே உரியது. நாள்தோறும் நகர நெரிசலில் ஓட்டுபவர் இரட்டை உரசிணைப்பியைத் தேர்வதில் பிழையில்லை.

அவ்வாறு தேர்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டுகள் எண்ணெயில் நனைந்திருப்பது ஈரவகை. காற்றில் சுழல்வது உலர்வகை. பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில், நடந்து செல்வோரும் நகர மறுக்கும் மான்களும் விட்ட இடைவெளியில் அடியடியாக ஊரும்போது, காலால் மிதிக்காவிட்டாலும் தட்டு அரைக் கிளச்சில்தான் உரசிக்கொண்டிருக்கும்; உலர்வகையில் அச்சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் இல்லை. ஈரவகைக்கோ எண்ணெயைக் காலத்தில் மாற்ற வேண்டும். வொக்ஸ்வாகனின் 6 பல்லிணை ஈரவகைப் பெட்டிக்கு அது 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. விற்பவரிடம் "ஓட்டோவா?" என்று கேட்டு நிறுத்தாமல், ஈரவகையா உலர்வகையா, பெட்டியின் எண்ணெய் கடைசியாக எத்தனையாவது கிலோமீற்றரில் மாற்றப்பட்டது என்பவற்றையும் கேட்டுப் பற்றுச்சீட்டைப் பார்க்க வேண்டும்.