இனிப்பில் குளூட்டன்: லேபிளில் எதைப் பார்ப்பது, கடையில் எதைக் கேட்பது

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். அது ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ஒரு துண்டு பாதுஷாவே குடலைப் புண்ணாக்கப் போதும். பாக்கெட் இனிப்புக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. தட்டில் அடுக்கி விற்கும் இனிப்புக்கு மிகக் குறைவு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மிகாமல் குளூட்டன் இருந்தால்தான் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிடலாம். 20க்கு மேல் 100 வரை இருந்தால் அது 'லோ குளூட்டன்'. சீலியாக் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. 'கோதுமை இல்லை' என்ற வாசகத்தையும் நம்ப வேண்டாம். பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் சாக்லேட்டிலும் சத்துமாவு பானங்களிலும் சேர்கிறது. அதிலும் குளூட்டன் உண்டு.

2020 லேபிள் விதிகளின்படி கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் சேர்ந்திருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று தனியே குறிப்பிட வேண்டும். 'மே கன்டெய்ன்' என்றால் அதே இயந்திரத்தில் கோதுமைப் பண்டமும் ஓடியிருக்கலாம் என்று பொருள். அந்த வரி இல்லாததை மட்டும் வைத்து, கலப்பே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சின்ன மிட்டாய் உறைகளில் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டியதில்லை. அது வந்த பெரிய டப்பாவைக் காட்டச் சொல்லிப் படியுங்கள்.

உதிரி இனிப்புக்கு 'எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும்' என்று எழுதி வைப்பது 2020 அக்டோபரில் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அந்தத் தேதிப் பலகை சேர்மானத்தைச் சொல்லாது. அல்வா, பாதுஷா, ஜிலேபி, குலாப் ஜாமூன், ரவா லட்டு, சோன்பப்டி எல்லாம் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. மைசூர்பாக் கடலை மாவு. ஜாங்கிரி உளுந்து, அதிரசம் பச்சரிசி என்றாலும் 'பாதுஷா பொரித்த எண்ணெயிலா இதையும் பொரித்தீர்கள்?' என்று கேட்டே ஆக வேண்டும். பால்கோவாவில் கெட்டியாக வர மைதா சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். முறுக்கு, தட்டை வாங்கினால் பெருங்காயத்தை விசாரியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம்.

வீட்டில் செய்தால் அரிசி, கேழ்வரகு மாவைக் கோதுமை அரைக்கும் மில்லில் கொடுக்காதீர்கள். முதலில் வரும் மாவில் முந்தைய கோதுமை ஒட்டியிருக்கும்.

லேபிள் பொய் என்று தெரிந்தால் பாக்கெட்டை எறியாமல் பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் இரண்டும் தெரியப் படமெடுத்து, 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் புகார் பதியுங்கள்.