சாளைக்கு உரம் எவ்வளவு?

ஆடியில் குளச்சல் கடல் ஏன் சில்லிடுகிறது, அப்போது சாளை (மத்தி மீன்) ஏன் கரையை நெருங்குகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இது பள்ளிப்பாடம்தான். பருவக்காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து ஒதுக்க, அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலேறுகிறது. செத்து மூழ்கி மட்கியவற்றின் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் அதனுடன் வருகின்றன. வெயில் பட்டதும் நுண்பாசி செழிக்கிறது; சாளை மேய வருகிறது.

"அந்த உரத்தை எப்படி அளப்பீர்கள்?" என்றும் கேட்டிருந்தார். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்கு பாஸ்பேட் இருந்தாலே அது வளமான நீர். வழக்கமாக நீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், மாலிப்டேட் (மாலிப்டினம் என்ற உலோகத்தின் உப்பு), அமிலம் முதலியவற்றைச் சேர்த்து, நீல நிறம் எவ்வளவு அடர்கிறது என்று பார்ப்பார்கள். ஒருமுறை முட்டத்தில் புட்டிகளை நிரப்பிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். வழியிலேயே ஐஸ் உருகிவிட்டது. நான் ஆய்வகம் சேர்வதற்குள் புட்டிக்குள் இருந்த நுண்ணுயிர்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

கருவியைக் கடலிலேயே இறக்கலாமே என்றால், பாஸ்பேட் ஓர் ஊமை. மின்முனையில் எலக்ட்ரானை வாங்காது, கொடுக்கவும் கொடுக்காது. இதற்குப் பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த தந்திரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. மாலிப்டினம் கம்பி ஒன்றில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கம்பி கரைகிறது. கரையும் ஒவ்வோர் அணுவும் 6 எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, நீரிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி மாலிப்டேட் ஆகிறது. பறிகொடுத்த நீர் 8 ஹைட்ரஜன் அயனிகளை உதிர்க்கிறது. மாலிப்டேட்டும் அமிலமும் ஒரே கம்பியிலிருந்து! எதிர்முனையில் காரம் உண்டாகி அமிலத்தைக் கெடுத்துவிடும் என்பதால் நடுவே ஒரு சவ்வு. பிறகு 12 மாலிப்டேட்டுகள் சேர்ந்து ஒரு பாஸ்பேட்டைச் சுற்றிக் கூண்டு கட்டுகின்றன. பாஸ்பேட் உள்ளே அப்போதும் வாய் திறப்பதில்லை. கூண்டின் மாலிப்டினம் அணுக்கள்தான் தங்க மின்முனையிடம் எலக்ட்ரான்களை வாங்குகின்றன. அந்த மின்னோட்டத்தை வைத்துப் பாஸ்பேட்டைக் கணக்கிடலாம். சிலிக்கேட்டும் இதேபோலக் கூண்டு கட்டிக்கொள்ளும். அமிலத்தைக் கூட்டினால் அது பின்தங்கிவிடும்.

சாளை வராத ஆண்டில் கண்ணேறு பட்டுவிட்டது என்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆய்வுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் கடலில் கிடந்து அளக்கும் சிறு கருவிக்குக் கேட்டால் கையை விரிக்கிறார்கள். கையில் எண்கள் இல்லாமல் கண்ணேறு என்பவர்களோடு என்ன வாதாடுவது?

கருவிக்கும் ஒரு தலைவலி உண்டு. நாள்கணக்கில் கடலில் கிடந்தால், அது அளக்கப் போன உரத்தைத் தின்று வளர்ந்த பாசியே அதன் மேல் படர்ந்துவிடும்.