நாற்பது சொட்டுக் கணக்கு

கோத்தகிரியில் வருஷம் முழுக்க ஸ்வெட்டர்தான். சமவெளியில் மே மாதம் ஒரு பிள்ளை முழுக்கை போட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். இங்கே கேட்க மாட்டார்கள். மனநல மருத்துவராக எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு.

பதினாறு வயதுப் பையனை அம்மா கூட்டி வந்தார். (அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலை, அன்றைய கூலி போயிற்று. "சாப்பிடவே மாட்டேங்கறான் டாக்டர்." ரத்த அழுத்தம் பார்க்க ஸ்வெட்டர் கையை ஏற்றியபோதுதான் கீறல்கள் தெரிந்தன.

அம்மாவை வெளியே இருக்கச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து விஷயம் வந்தது. தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம் என்று எவனோ சொல்லியிருக்கிறான். 'வாலிப வயோதிக அன்பர்களே' வகை விளம்பரங்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இனிக் கல்யாணத்துக்கே லாயக்கில்லை என்று முடிவு கட்டி, தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருந்தான். செத்துவிடத் தோன்றியதா என்று நேராகக் கேட்டேன். "ரெண்டு தடவை" என்றான்.

விந்து ரத்தத்திலிருந்து வடிவதில்லை, உடம்பு அதைத் தொடர்ந்து உண்டாக்குகிறது, தூக்கத்தில் வெளியேறுவது வயதின் இயல்பு. எட்டாம் வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய பாடம். இந்தப் பயத்துக்கு 1960லேயே இந்திய மனநல மருத்துவர் விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். பாடம் மட்டும் போதவில்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சையும் தேவைப்பட்டது.

எல்லாக் கீறலுக்கும் காரணம் இதுவென்று சொல்ல மாட்டேன். தேர்வு, வீட்டுச் சண்டை, அத்துமீறல் என்று பல உண்டு. ஆனால் அத்துமீறலைச் சொல்லவும் பிள்ளைக்கு 'அங்கே' என்பதைத் தாண்டி வார்த்தை வேண்டும்.

"சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகாதா?" என்பார்கள் பெற்றோர். பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரமே உறவில் இறக்குவதில்லை என்று 2018இல் வந்த யுனெஸ்கோ வழிகாட்டி சொல்கிறது. சாவைப் பற்றிக் கேட்பதிலும் அதே பயம்தான். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. என் அறையில் பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வருகிறது.

சந்தேகம் வந்தால் ஆபத்தான பொருட்களைப் பூட்டிவையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தொலைபேசியில் மனநல உதவிக்கு அரசின் டெலி மனாஸ் 14416, சிறுவர்களுக்கு 1098. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

பையனின் சம்மதத்தோடு அப்பாவையும் வரச்சொன்னேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பஸ் பிடித்து வந்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, மகன் வெளியே போனதும் கதவைச் சாத்தினார்.

"அப்ப அந்த நாப்பது சொட்டு... பொய்யா டாக்டர்?"