பொறி எப்போது விழ வேண்டும்?

மட்டக்களப்பு முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போதுதான் பழைய படகு எஞ்சினின் குணம் தெரியும். வாவிக்குள் சமர்த்தாக ஓடி வந்தது, அங்கே பிடியை முழுக்க முறுக்கினால் முனகும், வேகம் எடுக்காது. உடனே காபரேற்றரைக் கழற்றுவோம், பிளக்கை மாற்றுவோம். பொயின்ற் (பிரியும்போது பொறியை விழவைக்கும் சின்ன ஆளி) வைத்த எஞ்சின் என்றால் நான் முதலில் டைமிங்கைத்தான், அதாவது பொறி விழும் நேரத்தைத்தான், சந்தேகிப்பேன்.

பிளக்கில் பொறி விழுந்த கணத்திலேயே கலவை முழுவதும் எரிந்துவிடாது. தீ பரவ நேரம் எடுக்கும். அழுத்தம் உச்சமாவது பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றுத் திரும்பிய பிறகு இருந்தால்தான் தள்ளு நன்றாக விழும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். (படகின் பின்னால் பூட்டும் அவுட்போர்ட் எஞ்சினில் சிலிண்டர் படுத்துத்தான் கிடக்கிறது. ஆனாலும் உச்சி என்றே சொல்கிறோம்.)

எவ்வளவு முன்பு? தீ பரவ ஒரு மில்லிசெக்கன் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1500 சுற்றில் அதற்குள் தண்டு 9 பாகை திரும்பும். 5000 சுற்றில் 30 பாகை. அதனால்தான் பல பழைய எஞ்சின்களில் பிடியை முறுக்கும்போது, பொயின்ற் பூட்டிய தட்டும் கூடவே நகர்ந்து பொறியை முன்னுக்குக் கொண்டுவருகிறது. கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணும்போது பொறி மிக முந்தினால் எஞ்சின் பின்னுக்கு உதைக்கும், கை வலிக்கும்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? பிளக் ஓட்டையில் டயல் கேஜை (பிஸ்டனின் அசைவை முள்ளால் காட்டும் அளவி) பூட்டி, தண்டின் நுனியிலுள்ள கனச் சக்கரமான பிளைவீலை மெல்லத் திருப்ப வேண்டும். முள் ஏறி, நின்று, திரும்பும் இடம்தான் உச்சி. சிலர் பென்சிலை விட்டுப் பார்ப்பார்கள். உச்சிக்கருகே பல பாகை திரும்பியும் பிஸ்டன் அசைவது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அளவு பிழையாகிவிடும். பிஸ்டன் மேலும் கீழுமாக 60 மில்லிமீற்றர் ஓடும் எஞ்சினில் உச்சிக்கு 20 பாகை முன்பு பிஸ்டன் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்தான் கீழே நிற்கும். அந்த எஞ்சினுக்குக் கொடுத்த அளவில் நிறுத்தி, பொயின்ற் அப்போதுதான் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். பொயின்ற் இடையில் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளை வைத்து இலேசாக இழுத்துக்கொண்டே பிளைவீலைத் திருப்பினால், பிரியும் நொடியில் தாள் நழுவும். பற்றரியும் பல்புமாகப் பார்க்கிறவர்கள் கொயில் வயரைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்த அளவு தானாகவே மாறுகிறது. தண்டோடு சுற்றும் கேமில் உரசும் பொயின்ற்றின் குதி தேயத் தேய இடைவெளி குறையும், பொயின்ற் தாமதமாகப் பிரியும், பொறி பிந்தும். அப்போது கலவை பிந்தி எரிவதால் வெப்பம் வெளியேறும் வாயுவோடு வீணாகும், எஞ்சின் சூடாகும். பொறி முந்தினால் இன்னும் மோசம். கலவை அடித்து வெடித்து பிஸ்டன் தலையே ஓட்டையாகலாம். பெற்றோலுக்கு வைத்த டைமிங்கில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டினாலும் இதே ஆபத்துத்தான், அது எளிதில் தானாகவே பற்றிக்கொள்ளும்.

எல்லாம் சரி, அளவு மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறதா? பிளைவீலைப் புள்ளர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுங்கள், சுத்தியலால் அடிக்காமல். தண்டுக்கும் பிளைவீலுக்கும் நடுவே அரைநிலா வடிவில் ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கும். நட் இளகி ஓடியிருந்தால், அந்தச் சாவியின் நடுவில் ஒரு படி விழுந்து கிடக்கும். பிளைவீல் தண்டில் இடம் மாறியதால்தான் அளவு நிற்கவில்லை.