காரைக்குடி வெயிலில் த்ரீடி பிரிண்டருக்கு மெயின்போர்டு மாற்றுவது

எண்டர் 3 போன்ற மேசை த்ரீடி பிரிண்டரில் மெயின்போர்டு போனால் வேறு போர்டு கிடைப்பது கடினமில்லை. அது பழைய இடத்தில் உட்காருமா என்பதுதான் கேள்வி. திருகுத் துளைகள் தள்ளி இருக்கும், யூஎஸ்பி வாய் வேறு பக்கம் பார்க்கும். இதற்கான தாங்கியையும் பெட்டியையும் அந்தப் பிரிண்டரிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம், பழைய போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே. அது செத்த பிறகு யோசித்தால் அடுத்தவர் பிரிண்டரைத் தேடி அலையவேண்டும்.

எல்லோர் கையிலும் இருப்பது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை. அதில் அச்சிடாதீர்கள். அது இளகும் வெப்பநிலை சுமார் 60 டிகிரி. கத்திரி வெயிலில் கான்கிரீட் மாடி அறையே 40ஐ நெருங்கும்; மூடிய பெட்டிக்குள் மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப்களும், ஹீட்பெட்டுக்கு (அச்சாகும் பொருள் உட்காரும் சூடான தட்டு) மின்சாரம் விடும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சும் அதற்குமேல் சூடேற்றும். திருகின் அழுத்தம் ஓயாமல் இருந்தால் பிஎல்ஏ 60க்கு வெகு முன்பே மெல்ல மெல்ல நசுங்கும். திருகு தளரும், போர்டு சாயும், அடியிலுள்ள ஈயப் புள்ளிகள் இரும்பில் பட்டால் ஷார்ட். பிஇடிஜி என்ற இழை சுமார் 80 டிகிரி வரை தாங்கும். ஏபிஎஸ் இன்னும் தாங்கும்தான், ஆனால் வளவு (வீட்டின் நடு முற்றம்) வழியாக வரும் காற்று பட்டாலே ஓரம் தூக்கிக்கொள்ளும். பிஇடிஜி போதும்: சுவர் 4 சுற்று, உள்நிரப்பு 40 சதவீதம்.

அச்சிட்ட துளை வரைந்த அளவைவிடச் சிறுத்தே வரும். எம்3 (3 மி.மீ.) திருகு தடையின்றி நுழைய 3.4 மி.மீ. வையுங்கள், பித்தளை இன்செர்ட்டை (உள்ளே மரை உள்ள குழல்) சூடாக்கி இறக்குவதானால் 4 மி.மீ. போர்டுக்கு அடியில் 6 மி.மீ. இடைவெளி வேண்டும். நின்றவாக்கில் அச்சான தூண்கள் அடுக்கோடு முறியும் என்பதால் திருகை அளவோடு முறுக்குங்கள். காற்றுக்கு 40 மி.மீ. விசிறி ஒன்று. காற்றுத் துளைகள் 2 மி.மீ. பிளவுகளாக இருக்கட்டும், நம் ஊர் வீட்டில் பல்லி புகாத பெட்டி ஏது?

பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் பொறுத்து, ஒயர்களைப் படமெடுத்துப் பெயர் ஒட்டிய பிறகே கழற்றுங்கள். ஸ்டெப்பர் மோட்டாரின் நான்கு ஒயர்களும் இரண்டு சுருள்கள். ஒரே சுருளின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் சில ஓம் காட்டும். வேறு சுருளென்றால் தொடர்பே காட்டாது. ஜோடி மாறினால் மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்திலேயே உறுமி நடுங்கும். ஒரு ஜோடி தலைகீழானால் எதிர்த்திசையில் சுற்றும்; அதை ஃபர்ம்வேரிலேயே (போர்டை இயக்கும் மென்பொருள்) திருத்தலாம். மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் சுருள் கக்கும் உயரழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும்.

அதிகம் கருகுவது ஹீட்பெட் இணைப்பு. 24 வோல்ட்டில் 220 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம். ஒயர் முனைக்கு ஈயம் வைத்துத் திருகினால் கெட்டியாகத்தான் தெரியும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து பிடி தளரும், தடை ஏறும், டெர்மினல் உருகும். அதற்குப் பதில் ஃபெர்ரூல் என்ற சின்ன உலோகக் குழலை மாட்டி கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கி இறுக்குங்கள்.

பவர் சப்ளையின் சுவிட்ச் 230 வோல்ட்டில் இருக்கவேண்டும். பழைய வீட்டு பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையேல் உலோகச் சட்டம் ஷாக் அடிக்கும்.

ஹீட்டர்களை இணைக்காமல் முதலில் ஆன் செய்யுங்கள். தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி அறை வெப்பநிலையைக் காட்டவேண்டும். வெப்பநிலை மிகக் குறைவு என்று சொல்லும் மின்டெம்ப் பிழை வந்தால் ஒயர் விட்டிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போதே நூற்றுக்கணக்கில் காட்டினால் ஷார்ட். மார்லின் ஃபர்ம்வேரில் தெர்மல் ரன்அவே பாதுகாப்பு இயங்குகிறதா என்று உறுதிசெய்த பிறகே ஹீட்டரை மாட்டுங்கள். தெர்மிஸ்டர் கழன்றுபோனாலும் ஹீட்டர் நிற்காமல் எரிவதைத் தடுப்பது அதுதான்.

கடைசியாக எம்303 கட்டளையால் ஹாட்எண்டின் (இழையை உருக்கும் பகுதி) வெப்பத்தைச் சீராக வைக்கும் பிஐடி எண்களைக் கண்டு, எம்301 வழியாகப் பதிந்து, எம்500 கொடுத்துச் சேமியுங்கள். சேமிக்காவிட்டால் அடுத்த மின்வெட்டில் அவை போய்விடும்.