நாலாபுறமும் தேசியப் பூங்கா, நடுவில் ஓர் ஊர்

ஊருக்குத் திட்டம் வகுக்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது உள்ளாட்சி அலுவலகத்தைத்தான். அலாஸ்காவின் மெக்கார்த்தியில் அப்படி ஒன்று கிடையாது. தலைவர் இல்லை, மன்றம் இல்லை, வீட்டு வரியும் இல்லை. உள்ளாட்சி அமையாத பகுதி என்பதால், அந்தப் பொறுப்பு மாநிலச் சட்டமன்றத்திடம் இருக்கிறது. சுற்றிலும் ராங்கெல்-செயின்ட் எலயாஸ் தேசியப் பூங்கா. ஏறக்குறைய 53,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரியது. நடுவே நூறு பேர் அளவில் ஒரு குடியிருப்பு.

ஊர் முதலில் வந்தது. 1911 முதல் 1938 வரை மேலே கென்னிகாட்டில் செப்புச் சுரங்கம் ஓடியது. கம்பெனி குடியிருப்பில் மதுவுக்குத் தடை, அதனால் சில கிலோமீட்டர் தள்ளி மெக்கார்த்தி வளர்ந்தது. 1980 டிசம்பரில் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, அங்கே இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே பூங்காவுக்கு நடுவில் இருப்பவர்கள் ஆனார்கள்.

இப்படிப்பட்ட இடங்களுக்குத் திட்டம் வகுக்க நான் போனதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எது யாருடையது? சிட்டினா என்ற ஊரிலிருந்து வரும் சுமார் 96 கிலோமீட்டர் சரளைச் சாலை மாநிலத்துடையது. பழைய ரயில் தடத்தின்மேல் போட்டது. இன்றும் ரயில் ஆணி கிளம்பி டயரைப் பதம் பார்க்கும். கென்னிகாட்டின் 14 மாடி சிவப்புச் செப்புத் தாது ஆலையைப் பூங்கா 1998இல் வாங்கியது. சில மனைகள் அலாஸ்கா பல்கலைக்கழகத்துடையவை. ஆற்றைக் கடக்க வண்டிக்கு ஒரு பாலம் உண்டு, அது தனியாருடையது, கட்டணம் கட்டித்தான் போகவேண்டும். இவர்களில் ஒருவர் ஒரு முடிவு எடுத்தால் ஊரே மாறிவிடும். ஆனால் ஊரைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று எல்லாருக்கும் கட்டாயமில்லை.

நடைபாலத்தின் கதையைப் பாருங்கள். 1997 வரை கென்னிகாட் ஆற்றைக் கடக்க, கம்பிவடத்தில் தொங்கும் திறந்த தொட்டியில் உட்கார்ந்து கையால் கயிற்றை இழுக்கவேண்டும். மாநிலம் பாலம் கட்ட முன்வந்தபோது, காருக்கா காலுக்கா என்று நீண்ட வாக்குவாதம். வந்தது நடைபாலம். அதனால் சுற்றுலாக்காரர்களின் கார்கள் மேற்குக் கரையிலேயே நின்றுவிட்டன. வண்டி நிறுத்தமும் கூடாரத் திடல்களும் அங்கே முளைத்தன, ஊர்த்தெரு நடந்து போகிறவர்களின் தெருவாகவே இருந்தது. எந்த நிலப் பயன்பாட்டு வரைபடமும் செய்யாத வேலையை அந்தப் பாலத்தின் அகலம் செய்தது. கூடவே, கேஸ் சிலிண்டரைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டிய சிரமமும் வந்தது. வயதானவர்களிடம் கேட்காமல் அதை ரசிக்கக்கூடாது என்பேன்.

வெளியில் தெரியாத ஆபத்து இன்னொன்று. பூங்காவுக்குள் வேட்டையாடிப் பிழைக்கும் உரிமை அருகிலுள்ள சில ஊர்களுக்கு உண்டு, மெக்கார்த்தியும் அதில் ஒன்று. ஆனால் அப்படிப் பிழைப்பவர்கள் ஊரில் கணிசமாக இருக்கும் வரைதான் அந்தத் தகுதி. மனை பிரித்து விற்று, கோடையில் மட்டும் வருகிறவர்கள் பெருகினால், குளிர்காலத்துக்கு மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சியை நம்பியிருக்கும் குடும்பத்தின் தகுதியே கேள்விக்கு வரலாம். மனை விற்பனையை நில விஷயமாக மட்டும் பார்ப்பவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு நான் நிறம் தீட்டிய வரைபடத்தோடு போனேன். பூங்கா பச்சை, தனியார் மஞ்சள், மாநிலம் நீலம். முன் வரிசையில் ஒரு அம்மா எழுந்து வந்து விரலை வைத்துத் தேடினார். "தபால் குடிசை எங்கே?" விமானத் தளத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குடிசை என் வரைபடத்தில் இல்லை. குடிதண்ணீர் எடுக்கும் ஓடையும் இல்லை. ஆண்டுதோறும் கோடையில் பனியாற்றின் பக்கத்து ஏரி பனிக்கு அடிவழியாக உடைந்து ஆறு பெருகும்போது தண்ணீர் எதுவரை ஏறும் என்பதும் இல்லை. நான் குறித்திருந்தது சொத்து, அவர்கள் தேடியது வாழ்க்கை. அப்புறம் வெற்றுத் தாளை விரித்துப் பேனாவை அவர்களிடமே கொடுத்தேன். தீயணைப்புத் தொண்டர் ஒருவர், எந்தப் பாதையில் தண்ணீர் வண்டி திரும்பவே முடியாது என்று வரைந்து காட்டினார்.

இப்படிப்பட்ட ஊரில் நீங்கள் இருந்தால் அந்தத் தாளை இப்போதே செய்து வையுங்கள். பூங்காவோ மாநிலமோ திட்டம் அறிவித்துக் கருத்துக் கேட்கும்போது, கோடையாக இருந்தால் எல்லாருக்கும் வேலை தலைக்குமேல் இருக்கும்; குளிர்காலமாக இருந்தால் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். அவகாசம் போதாது என்றால் நாளை நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஊர்ச் சங்கத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கையெழுத்தோடு, தேதியோடு, வரைபடத்தோடு கோப்புக்குள் போன தாளுக்கு அதிகாரி பதில் சொல்லியாகவேண்டிய நிலை வரும்.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது அந்த அம்மாவையே கேட்டேன். வாரத்தில் இரண்டு முறை தபால் விமானம் வரும், அன்றைக்கு எல்லாரும் குடிசைக்கு வந்துவிடுவார்கள் என்றார். கூட்டத்தைத் தபால் நாளிலேயே வைத்தோம்.